0.01 காட்டும், 0.03க்குத்தான் பொறுப்பு: விலை குறைந்த டிஜிட்டல் காலிப்பர், ஒரு மதிப்புரை

பல பெயர்களில், பல நிறப் பெட்டிகளில் விற்றாலும், விலை குறைந்த 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர்கள், அதாவது பொருளை இரு தாடைகளுக்கு நடுவே பிடித்துத் தடிமனும் விட்டமும் அளக்கும் கருவிகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். துருப்பிடிக்காத எஃகுச் சட்டம், அதன்மேல் ஓடும் ஸ்லைடர், மூன்று பொத்தான்கள், ஒரு பட்டன் பேட்டரி, மேலே ஒரு லாக் ஸ்க்ரூ. இந்த மதிப்புரை அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ±0.05 மி.மீ. வரை முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்கிற வேலைகளுக்கு இது நல்ல கருவி, தயங்காமல் வாங்கலாம். ஆனால் திரையில் 0.01 தெரிகிறதே என்று நம்பி, பேரிங் ஏற்ற வேண்டிய ஷாஃப்ட்டை இதை மட்டும் வைத்துக் கடைந்தால் வேலை கெட்டுப்போகும்.

பெட்டிக்குள் வரும் தாளில் மூன்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள். மீச்சிற்றளவு, அதாவது திரை காட்டக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம், 0.01 மி.மீ. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் வரும் வேறுபாடு 0.01 மி.மீ. உண்மையான அளவிலிருந்து விலகல், 100 மி.மீ. வரை ±0.02, அதற்கு மேல் ±0.03. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணைத்தான். வேலைக்கு வேண்டியது மூன்றாவது எண். திரையில் 20.00 நிற்கிறது என்றால் பொருளின் உண்மையான அளவு 19.98க்கும் 20.02க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கடைசி இலக்கம் ஒன்று கூடவோ குறையவோ விழும் என்பதையும் சேர்த்தால் 19.97 முதல் 20.03 வரை. அதுவும் தாடைகள் சுத்தமாக, பொருள் நேராக, அழுத்தம் அளவாக இருக்கும்போதுதான். இதில் எதைக் கோட்டைவிட்டாலும் 0.05, 0.1 என்று விலகுவது சாதாரணம்.

கருவி எப்படி அளக்கிறது என்று தெரிந்தால் அது எங்கே தடுமாறும் என்பதும் புரிந்துவிடும். சட்டத்தின் மேல் இருக்கும் அளவுக்கோடு ஸ்டிக்கருக்கு அடியில், செப்புக் கோடுகள் பதித்த ஒரு மெல்லிய சர்க்யூட் போர்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்லைடருக்குள் அதற்கு எதிரே இன்னொரு போர்டு. ஸ்லைடர் நகர நகர இரண்டுக்கும் இடையிலான மின்தேக்குத்திறன் ஏறி இறங்கும், சில்லு அதை எண்ணித் தூரமாக மாற்றுகிறது. எனவே இடைவெளியில் கூலன்ட் (கடையும்போது ஊற்றும் குளிர்விக்கும் திரவம்), தண்ணீர், கைவியர்வை எது புகுந்தாலும் எண் துள்ள ஆரம்பிக்கும். அப்படித் துள்ளினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் சட்டத்தைத் துடைத்து, ஸ்லைடரை முழு நீளத்துக்கும் நாலைந்து முறை ஓட்டி, மறுபடி துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காற்றுக் குழாயை வைத்து ஊதுவது தப்பு, தூசி உள்ளேதான் போகும். ஸ்டிக்கரை உரிக்கவே கூடாது. அதேபோல எலக்ட்ரிக் பேனாவால் சட்டத்தில் பெயர் பொறிப்பதும் வேண்டாம், சர்க்யூட் போய்விடும்.

இன்னொரு பலவீனம் வேகம். விலை குறைந்த வகை, தான் நின்ற இடத்திலிருந்து எத்தனை கோடு கடந்தோம் என்று எண்ணிக்கொண்டே போகும் ரகம். சடாரென்று இழுத்தால் எண்ணிக்கை தவறிவிடும். தாடையை மூடிப் பார்த்தால் 0.00 வராமல் வேறு ஏதோ நிற்கும். அதனால் ஒவ்வொரு பொருளை அளந்த பிறகும் ஒருமுறை மூடிப் பார்ப்பது நல்ல பழக்கம். மூடும்போது 0.00 அல்லது 0.01 வந்தால் முன்பு எடுத்த அளவை நம்பலாம். 0.03 வந்தால் தாடையைத் துடைத்து, சுழியாக்கி, மறுபடி அளக்க வேண்டியதுதான்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கீழே உள்ள இரண்டு வெளித் தாடைகளையும் ஒரு சுத்தமான வெள்ளைத் தாளால் துடையுங்கள். தாளை நடுவில் வைத்து லேசாக மூடி, மெதுவாக உருவினால் போதும், எண்ணெயும் தூளும் தாளோடு வந்துவிடும். பிறகு தாடையை மூடி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல ஜோடியில் வெளிச்சம் தெரியாது, தெரிந்தாலும் நுனி முதல் அடி வரை ஒரே மெல்லிய கீற்றாக இருக்கும். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) இடைவெளி இருந்தால்கூட வெளிச்சம் கசியும் என்பதால் இந்தச் சோதனை பார்க்க எளிதாக இருந்தாலும் கறாரானது. நுனியில் மட்டும் வெளிச்சம் தெரிந்தால் தாடை இணையாக இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு இருபுறமும் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பிசிறு இருக்கிறது. பிசிறை மிக நுண்ணிய எண்ணெய்க் கல்லால் தட்டையாக ஒரு தடவை தடவி எடுக்கலாம். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் தாடையின் தட்டைத்தன்மையே போய்விடும்.

நுனி வெளிச்சத்துக்குப் பல நேரங்களில் காரணம் தாடை இல்லை, ஸ்லைடரின் ஆட்டம். ஸ்லைடரின் மேல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய பித்தளைத் தகடு இருக்கும். அதை அழுத்திப் பிடிக்க இரண்டு சிறிய தலையில்லாத திருகுகள். அவை தளர்ந்திருந்தால் தாடை மேலும் கீழும் சாயும். எவ்வளவு சாயும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் முக்கியத்துவம் தெரியும். ஸ்லைடர் சட்டத்தைப் பற்றியிருக்கும் நீளம் 60 மி.மீ. என்றும், அதில் ஆட்டம் 0.02 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பொருளை அளவுகோலிலிருந்து 30 மி.மீ. கீழே, தாடை நுனிப் பக்கம் பிடித்தால் பிழை 0.02 × 30 ÷ 60, அதாவது 0.01 மி.மீ. ஆட்டம் 0.1 ஆனால் பிழை 0.05. அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் இந்தப் பிழை வராது என்பதை எர்ன்ஸ்ட் ஆபே 1890இல் எடுத்துச் சொன்னார். திருகைச் சுழற்றி அளக்கும் மைக்ரோமீட்டர் அந்த விதிப்படி அமைந்தது. காலிப்பரின் வடிவமே அந்த விதிக்கு வெளியில் நிற்கிறது. விலை உயர்ந்ததானாலும் இதில் விலக்கு இல்லை.

சரிசெய்வது சுலபம். வாட்ச் ரிப்பேருக்குப் பயன்படும் நுண்ணிய ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு திருகுகளையும் ஸ்லைடர் இறுகும்வரை மெதுவாகத் திருப்பி, பின்பு ஒவ்வொன்றையும் எட்டில் ஒரு சுற்று, அதாவது 45 டிகிரி தளர்த்துங்கள். ஸ்லைடரை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல், அதே நேரம் செங்குத்தாகப் பிடித்தால் தானாக விழாமல் நகர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் சட்டத்தின் விளிம்பில் வெட்டுக்காயம் இருக்கும், விரல் நகத்தால் தடவினால் தெரியும். இரண்டு திருகுகளையும் சமமாகத் திருப்புவது முக்கியம். ஒன்று மட்டும் இறுகினால் ஸ்லைடர் ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார்ந்துவிடும். கடையிலிருந்து வரும்போதே இந்தத் திருகுகள் சரியாக இருப்பது அபூர்வம். விலை குறைந்த காலிப்பரின் மேல் வரும் புகார்களில் பாதி இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது, காட்டும் அளவு சரிதானா என்ற சோதனை. ஸ்லிப் கேஜ், அதாவது துல்லியமாக அளவிட்டுச் செய்த கட்டை, இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லாதவர்களுக்குப் புதிய பால் பேரிங்கே நல்ல அளவுக்கட்டை. சாதாரண தரப் பேரிங்குகளின் வெளிவிட்டம் மிகக் கறாராக இருக்கும். 608 பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ., அனுமதிக்கப்படும் குறைவு 9 மைக்ரான் மட்டுமே. 6204இன் வெளிவிட்டம் 47 மி.மீ., குறைவு 11 மைக்ரான். 6212 கிடைத்தால் 110 மி.மீ., குறைவு 15 மைக்ரான். மூன்றுமே எழுதிய அளவைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. ஆக, 608ஐ வைத்தால் காலிப்பர் 21.97 முதல் 22.02 வரை காட்டுவது அதன் தகுதிக்குள். 22.05 காட்டினால் கோளாறு. இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு: பேரிங்கின் அகலத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது. 608, 6204 இரண்டின் அகலத்துக்கும் 120 மைக்ரான் வரை குறைய அனுமதி உண்டு. 608இன் அகலம் 7 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் 6.90 வருவது பேரிங்கின் தவறும் இல்லை, காலிப்பரின் தவறும் இல்லை.

மூன்று அளவிலும் ஐந்தைந்து முறை அளந்து எழுதி வைத்தால் கருவியின் நோய் தெரிந்துவிடும். 22, 47, 110 மூன்றிலும் ஒரே மாதிரி 0.03 கூடினால் சுழிப்பிழை, துடைத்துவிட்டு மறுபடி சுழியாக்கினால் போகும். சிறியதில் சரியாக இருந்து பெரியதில் கூடிக்கொண்டே போனால் கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது, அதைச் சரிசெய்ய வழியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே பேரிங்கில் ஐந்து முறையும் ஐந்து விதமாக வந்தால் பித்தளைத் தகட்டையும் உங்கள் கை அழுத்தத்தையும் பாருங்கள். மைக்ரோமீட்டரில் குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் வழுக்கிவிடும் ரேட்செட் இருப்பதால் யார் திருகினாலும் அழுத்தம் ஒன்றுதான். காலிப்பரில் அந்த வசதி இல்லை, எல்லாம் கட்டைவிரல் கணக்கு. ஸ்லைடரில் உள்ள சிறு சக்கரத்தை உருட்டித் தாடை தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், ஸ்லைடரை முழுக்கையால் நெருக்கக் கூடாது. பிளாஸ்டிக், ரப்பர், 3டி பிரிண்ட் செய்த பாகம் என்றால் அழுத்தத்தாலேயே 0.1 மி.மீ. வரை போய்விடும்.

பொருளைப் பிடிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். தாடையின் அடிப்பக்கம், சட்டத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள். நுனியில் உள்ள மெலிந்த பகுதி குறுகிய காடிகளுக்கு மட்டும். அந்த நுனியால் இரும்பில் கோடு கீறும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. கீறக் கீற நுனி தேய்ந்து, மூடும்போது அடியில் மட்டும் முட்டும், காலிப்பர் அத்தோடு பாழ்.

லேத்திலிருந்து அப்போதுதான் எடுத்த துண்டைச் சூட்டோடு அளப்பதும் தவறு. 60 டிகிரியில் இருக்கும் 100 மி.மீ. அலுமினியத் துண்டு 30 டிகிரிக்கு ஆறும்போது ஏறக்குறைய 0.07 மி.மீ. சுருங்கும். எஃகு அதில் பாதி. கருவியின் விலகலைவிட இது பெரிது. துண்டும் காலிப்பரும் ஒரே மேசையில் ஆறிய பிறகு எடுத்த அளவுதான் அளவு.

துளைகளின் உள்ளளவு எடுக்க மேலே இருக்கும் உள் தாடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவி தரும் தவறான எண்களில் அதிகம் இங்கிருந்துதான் வருகின்றன. உள் தாடைகளின் முனை கத்தி மாதிரி தெரிந்தாலும் அதில் ஒரு சிறிய தட்டை அகலம் உண்டு, இரு தாடைகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளியும் உண்டு. வட்டத் துளைக்குள் அவை தொடுவது முழு விட்டத்தை அல்ல, அதைவிடச் சற்றுச் சிறிய ஒரு நாணை. தட்டையும் இடைவெளியும் சேர்ந்து 0.6 மி.மீ. என்று கொண்டால், 10 மி.மீ. துளையில் 0.018 குறைவாகக் காட்டும், 5 மி.மீ. துளையில் 0.036, 3 மி.மீ. துளையில் 0.06. துளை சிறிதாகச் சிறிதாகப் பிழை பெரிதாகிறது. அதனால் 10 மி.மீ.க்குக் கீழே உள்ள துளைகளுக்குப் பொருந்தும் டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை நுழைத்துப் பார்த்து, தண்டை வெளித் தாடையால் அளப்பது நல்லது. பெரிய துளைகளில் தாடையை முழு ஆழத்துக்கு இறக்கி, லேசாக இப்படியும் அப்படியும் அசைத்து, வரும் எண்களில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டத்துக்கு நேர் எதிர், அசைத்துப் பார்த்துச் சிறியதை எடுக்க வேண்டும்.

சுழிப் பொத்தான் எந்த இடத்திலும் வேலை செய்யும் என்பது டிஜிட்டல் வகையின் பெரிய லாபம். ஒரே அளவுள்ள இரண்டு துளைகளின் மையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க, முதலில் உள் தாடையால் ஒரு துளையின் விட்டத்தை அளந்து அங்கேயே சுழியாக்குங்கள். பிறகு அதே உள் தாடைகளால் இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளங்கள். திரையில் வருவது நேராக மையத் தூரம். மேலே சொன்ன நாண் பிழைகூட இரண்டு அளவிலும் ஒரே மாதிரி வருவதால் கழிந்துவிடும். வேலை முடிந்ததும் தாடையை மூடி மறுபடி சுழியாக்க மறக்கக் கூடாது.

பின்னால் நீளும் ஆழக் கம்பி சுமார்தான். சட்டத்தின் முனை குறுகலானது, ஒரு டிகிரி சாய்ந்தாலும் அளவு மாறும். படிக்கட்டு மாதிரி உள்ள மட்ட வித்தியாசங்களுக்கு அந்தக் கம்பியை விட்டுவிட்டு, தலைப்பக்கம் இரு தாடைகளின் முதுகும் தரும் அகலமான முகத்தைப் பயன்படுத்தினால் நன்றாக உட்காரும்.

அங்குலப் பின்னம் காட்டும் பொத்தான் உள்ள மாடல்களும் உண்டு. அந்த நிலையில் திரை 1/128 அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 0.2 மி.மீ.க்கு முழுமையாக்கிவிடும். 10 மி.மீ. தண்டை வைத்தால் 25/64 என்று காட்டும், அது உண்மையில் 9.92 மி.மீ. ஸ்பானர் தேட உதவும், வேறெதற்கும் எடுக்க வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் இந்த வகை நிச்சயம் பின்தங்கியிருக்கிறது. ஆஃப் பொத்தானை அழுத்தினால் திரைதான் அணையும், இடத்தை எண்ணும் மின்சுற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்து வைத்து ஸ்லைடரை நகர்த்திவிட்டு மறுபடி போட்டால் சரியான எண் வருவதும் இதனால்தான், சில மாதங்களில் பேட்டரி தீர்வதும் இதனால்தான். பெட்டியோடு வரும் எல்ஆர்44 அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் முதல் நாளிலிருந்தே இறங்கிக்கொண்டு வரும். அதே அளவுள்ள எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட்டில் கடைசிவரை நிற்கும், இதற்கு அதைத்தான் போட வேண்டும். திரை மினுக்கினாலோ எண்கள் மங்கினாலோ முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். நீண்ட நாள் எடுக்கமாட்டீர்கள் என்றால் கழற்றி வைத்துவிடலாம். சில மாடல்கள் சிஆர்2032இல் ஓடும். அது 3 வோல்ட், ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

ஜப்பானிய நிறுவனமான மிட்டுடோயோவின் 150 மி.மீ. ஆப்சல்யூட் வகையோடு ஒப்பிட்டால், அதன் தாளிலும் விலகல் ±0.02 என்றுதான் இருக்கிறது. அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? அது வேகமாக இழுத்தாலும் சுழியை மறக்காது, தாடை அரைப்பு நுனிவரை ஒரே சீர், பேட்டரி ஆண்டுக்கணக்கில் வரும். எல்லாவற்றையும்விட, அச்சிட்ட எண் ஒவ்வொரு துண்டுக்கும் உண்மையாக இருக்கும். விலை குறைந்ததில் உங்கள் கைக்கு வருவது எப்படிப்பட்டது என்பது பேரிங் சோதனை செய்யும்வரை தெரியாது. தினமும் எட்டு மணி நேரம் அளப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம். கூலன்ட் தெறிக்கும் இடமென்றால் ஐபி67 (தூசியும் நீரும் புகாத தரம்) என்று குறித்த, மின்தூண்டல் முறையில் அளக்கும் வகை வேண்டும். 0.1 வரை மட்டும் காட்டும் பிளாஸ்டிக் காலிப்பர்களை வாங்க வேண்டாம், தாடையே வளையும். பேட்டரித் தொல்லையே ஆகாது என்பவர்களுக்கு 0.02 மி.மீ. மீச்சிற்றளவுள்ள சாதா வெர்னியர் இன்றும் நல்ல தேர்வு.

எதற்கு எடுக்கலாம், எதற்குக் கூடாது? தகட்டுத் தடிமன், டிரில் பிட், குழாய், 3டி பிரிண்டர் இழை, போல்ட் எல்லாம் தாராளமாக. போல்ட்டில் ஒன்று: எம்8 மரையின் வெளிவிட்டம் 8.00 வராது. சாதாரண எம்8 போல்ட்டில் 7.76 முதல் 7.97 வரை எதுவும் சரியானதே, காலிப்பரைக் குறை சொல்ல வேண்டாம். எச்7, எச்6 என்பவை துளைக்கும் ஷாஃப்ட்டுக்கும் அனுமதிக்கப்படும் விலகலின் தரக் குறியீடுகள். 20 மி.மீ. எச்7 துளைக்கு அனுமதி மொத்தமே 0.021 மி.மீ., எச்6 ஷாஃப்ட்டுக்கு 0.013. கருவியின் விலகலே அதைவிடப் பெரிது என்பதால் 20.00 என்று திரை காட்டினாலும் பொருள் தேறியதா தேறவில்லையா என்று சொல்ல முடியாது. துளைக்கு உள்விட்டம் அளக்கும் போர் கேஜ், ஷாஃப்ட்டுக்கு மைக்ரோமீட்டர்.

பிரேக் டிஸ்க்கை நேராக இதால் அளப்பது ஆபத்து. பேட் தேய்க்காத வெளி ஓரத்தில் ஒரு மேடு நிற்கும். காலிப்பரின் தட்டைத் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் தடிமனாகவே காட்டும். மேட்டைத் தாண்டி உள்ளே போகும் கூர்முனை மைக்ரோமீட்டரே சரி. அது இல்லாவிட்டால், தடிமன் அளந்து வைத்த இரண்டு தட்டையான வாஷர்களைத் தேய்ந்த பகுதியில் இருபுறமும் வைத்து, சேர்த்து அளந்து, வாஷர் தடிமனைக் கழியுங்கள். அப்படி நாலைந்து இடத்தில் எடுத்ததில் மிகக் குறைந்த எண்ணை, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வந்தால் காலிப்பரை நம்பி ஓட்டாதீர்கள், மைக்ரோமீட்டர் உள்ளவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.